சிங்கப்பூர்–நியூயார்க் வான்வழித் தூரம்: கணக்கில் எங்கே பிழை?

கேள்வி:
சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கும் இடையிலான தூரத்தை, கோளத்தின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய தூரத்தைத் தரும் ஹேவர்சைன் சூத்திரத்தால் கணக்கிட்டேன். சாங்கிக்கு அட்சரேகை 1.36, தீர்க்கரேகை 103.99 என்றும், கென்னடிக்கு 40.64, 73.78 என்றும் கொடுத்தேன்; புவியின் ஆரம் 6,371 கி.மீ. பாகைகளை ரேடியனாக மாற்றவும் மறக்கவில்லை. ஆனாலும் விடை 5,320 கி.மீ. அளவில் வருகிறது. 18 மணி நேரத்துக்கும் மேல் பறக்கும் பயணத்துக்கு இது பொருந்தவே இல்லையே?

பதில் 1:
சூத்திரத்தில் குற்றமில்லை. நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகையில் இருப்பதால் அதை −73.78 என்று கொடுக்க வேண்டும். குறியை விட்டுவிட்டதால் நீங்கள் அளந்திருப்பது மத்திய ஆசியாவில் ஏதோ ஓரிடம் வரையிலான தூரத்தை. குறியைச் சேர்த்தால் தீர்க்கரேகை வேறுபாடு 30.21 பாகையிலிருந்து 177.77 பாகையாக மாறி, விடை ஏறத்தாழ 15,340 கி.மீ. என்று வரும்.

பதில் 2:
இந்த இரு நகரங்களின் தூரத்தை மட்டும் சூத்திரமே இல்லாமல் சரிபார்க்கலாம். தீர்க்கரேகை வேறுபாடு 180 பாகையை நெருங்குவதால், மிகக் குறுகிய பாதை வட துருவத்துக்கு அருகே செல்கிறது. சாங்கியிலிருந்து துருவம் வரை 88.64 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை 49.36 பாகை, ஆகக் கூடுதல் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் ஏறத்தாழ 15,345 கி.மீ. கிடைக்கிறது. தட்டையான உலக வரைபடத்தில் இரு நகரங்களையும் கோடிட்டு இணைத்துப் பார்ப்பவர்களுக்குத் துருவம் நினைவுக்கே வராது.

பதில் 3:
மேலே சொன்னவை சரியே. ஆயினும் 6,371 என்பது சராசரி ஆரம் மட்டுமே. புவி நடுக்கோட்டில் 6,378 கி.மீ. ஆரமும் துருவத்தில் 6,357 கி.மீ. ஆரமும் கொண்டு சற்றே தட்டையாக இருப்பதால், கோளமாகக் கொண்டு செய்யும் கணக்கில் அரை சதவீதம் வரை பிழை நேரலாம். தட்டையான வடிவத்தையும் கணக்கில் கொள்ளும் வின்சென்டி முறையில் (1975) இங்கே விடை 15,350 கி.மீ.யை ஒட்டி வரும். வேறுபாடு சில கிலோமீட்டர்தான். ஆனால் புவியின் நேர் எதிர்ப்புறங்களில் அமைந்த இரு புள்ளிகளுக்கு அம்முறை விடையை எட்டாமல் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கக்கூடும். அதற்குக் கார்னி என்பவர் 2013-இல் வெளியிட்ட முறையே நம்பகமானது.

இன்னொன்று: இது விமானம் உண்மையில் பறக்கும் தூரம் அன்று. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தைப் பின்காற்றாகப் பயன்படுத்திக்கொள்வதற்காகப் பசிபிக்கைக் கடந்து செல்வதே வழக்கம். தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும்.

கேள்வி கேட்டவர்:
குறியைத் திருத்தியதும் 15,340 வந்துவிட்டது, நன்றி. துருவ வழியாகவும் தாளில் போட்டுப் பார்த்தேன்; ஐந்து கிலோமீட்டர்தான் கூடுகிறது.