நம் வயலைப் பார்க்காத மதிப்பீட்டாளருக்கு எழுதுவது: டெல்டா ஆய்வாளர்களின் அனுபவப் பகிர்வு

மன்னார்குடி, உழவியல் ஆய்வு மாணவி

நம் பக்கத்திலிருந்து ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியவர்கள் அவரவர் அனுபவத்தை எழுதினால், அடுத்து அனுப்பப் போகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். நானே தொடங்கி வைக்கிறேன்.

என் கட்டுரை குறுவை நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவது பற்றியது. துளை போட்ட குழாயை வயலில் பதித்து, அதற்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் விடுகிற முறை. எந்நேரமும் தண்ணீர் கட்டி வைத்த பாத்தியோடு ஒப்பிட்டு விளைச்சலையும் தண்ணீர்ச் செலவையும் பார்த்தோம். ரகம் ஆடுதுறை 43. தரவு 2022, 2023 ஆகிய இரண்டு குறுவையிலும் எடுத்தது.

முதலில் அனுப்பிய இதழில் மதிப்பீட்டுக்கே (அதே துறை அறிந்தவர்கள் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்கிற கட்டம்) போகாமல் இதழாசிரியர் மட்டத்திலேயே திரும்பி வந்தது. ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரிய செய்தி, எங்கள் வாசகர்களுக்குப் பொதுவாக என்ன கிடைக்கிறது என்பதுதான் சாரம். மனசு சங்கடப்பட்டது உண்மைதான். ஆனால் வாரக்கணக்கில் காக்க வைக்காமல் சொன்னதால் அடுத்த வேலையைப் பார்க்க முடிந்தது. முன்னுரையைத் தஞ்சாவூரில் தொடங்காமல், வாய்க்கால் பாசனத்தில் விவசாயியின் கையில் மடை இல்லாத இடங்களில் இந்த முறை செல்லுமா என்ற கேள்வியில் தொடங்கினேன். வியட்நாமிலும் வங்கதேசத்திலும் இருப்பவருக்கும் அது சொந்தக் கேள்விதான்.

இரண்டாவது இதழில் இரண்டு மதிப்பீட்டாளர்கள். ஒருவர் கேட்டார்: நடவுத் தேதி இரண்டு ஆண்டிலும் ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது? நமக்கு இது கேள்வியே இல்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். 2022-ல் மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள். 2023-ல் ஜூன் 12. தண்ணீர் கடைமடைக்கு வந்தால்தான் நடவு. ஆனால் அவர் மேட்டூரைக் கேள்விப்பட்டிருக்கவே தேவையில்லை. அவர் கண்ணுக்கு நான் தேதியை இஷ்டத்துக்கு மாற்றியதாகத்தான் தெரியும். ஆய்வு முறைப் பகுதியில் ஒரு பத்தி சேர்த்தேன்: அணை திறந்த தேதி, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த தேதி, நாற்றின் வயது, நடவுத் தேதி. ஒரு சின்ன அட்டவணையில் எல்லாம் அடங்கிவிட்டது.

இன்னொருவர் கேட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பக்கத்துப் பாத்தியில் தண்ணீர் நிற்கும்போது உங்கள் காய்ச்சல் பாத்தி எப்படிக் காய்ந்தது, கசிவை எப்படித் தடுத்தீர்கள்? வயலில் இறங்கிய ஆள்தான் இப்படிக் கேட்பார். வரப்போரமாகப் பள்ளம் தோண்டி, கனமான பாலித்தீன் தாளைச் செங்குத்தாக இறக்கி, மேலே மண் அணைத்து மிதித்திருந்தோம். பாத்திகளுக்கு நடுவில் வடிகாலும் விட்டிருந்தோம். தாளை இரண்டு அக்காமார் ஆளுக்கொரு முனையில் பிடித்திருக்க, ஒருவர் மண் தள்ளுகிற புகைப்படம் கைப்பேசியில் இருந்தது. அவர்கள் சம்மதத்தோடு, முகம் தெரியாமல் வெட்டி, அதை இணைப்புக் கோப்பாகக் கொடுத்தேன். தாளின் ஆழம், வடிகாலின் அகலம் எல்லாவற்றையும் கட்டுரைக்குள்ளேயே எழுதினேன். அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது. ஆகவே வயலில் இருக்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

புள்ளியியல் பற்றியும் ஒன்று. பாசனத்தைச் சின்னப் பாத்தியில் பிரித்துக் காட்ட முடியாது என்பதால் ஸ்பிளிட் பிளாட் வடிவமைப்புதான் வைப்போம். பாசனம் பெரிய பாத்தியில், உர அளவு அதற்குள் இருக்கும் சின்னப் பாத்தியில். அப்படியானால் பாசனத்தின் விளைவைப் பெரிய பாத்திக்கு உரிய பிழையோடுதான் (ஒரே பாசனம் பெற்ற பெரிய பாத்திகளுக்குள்ளேயே தற்செயலாக வரும் வேறுபாடு) ஒப்பிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பிழையில் போட்டுப் பார்த்தால் இல்லாத வித்தியாசம்கூட இருப்பதுபோல் தெரியும். மதிப்பீட்டாளர்கள் முதலில் பார்ப்பதே எந்தப் பிழையோடு ஒப்பிட்டோம் என்று அட்டவணைக்குக் கீழே இருக்கும் அந்த வரியைத்தான் என்று என் நெறியாளர் சொல்வார். அனுபவத்தில் அது சரிதான்.

நாகப்பட்டினம், சமூகவியல்

அக்கா சொன்ன நடவுத் தேதி விஷயத்தைப் படித்ததும் எனக்கு மா கணக்குதான் ஞாபகம் வந்தது. நான் செய்தது வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பு. கஜா புயலுக்குப் பிறகு (2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது) சிறு விவசாயிகளின் வருமானம் எப்படி மாறியது என்பது கேள்வி. நம் ஆட்கள் ஏக்கரில் சொல்ல மாட்டார்கள். மாவுக்கு இத்தனை மூட்டை என்பார்கள். மா என்றால் நூறு குழி, ஏறக்குறைய 33 சென்ட். அது ஒரு பெருக்கலில் தீர்ந்துவிடும். மூட்டைதான் சிக்கல். வீட்டுக் கணக்கில் 60 கிலோ மூட்டை, கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். ஒரே ஆள் ஒரே பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார். அதனால் வினாப்பட்டியலில் மூட்டைக்குப் பக்கத்திலேயே 'எத்தனை கிலோ?' என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். மதிப்பீட்டாளர் விளைச்சல் எண்கள் எப்படி வந்தன என்று கேட்டபோது, அந்தக் கட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது.

ஆட்களிடம் பேசி எடுக்கும் ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணைக் கேட்காத இதழ் இப்போது குறைவு. களத்துக்குப் போகும் முன்பே அதை வாங்கிவிட வேண்டும். முடித்துவிட்டு வந்து பின்தேதியிட்டுக் கேட்டால் எந்தக் குழுவும் தராது, தரவும் கூடாது. கையெழுத்துப் போடத் தயங்கும் அம்மாக்களிடம் வாய்மொழிச் சம்மதம் வாங்கிப் பதிவு செய்வதாக இருந்தால், விண்ணப்பத்திலேயே அதையும் எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெயரை மாற்றிவிட்டால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார். கடலோரக் குக்கிராமம், மாந்தோப்பு இருக்கிற விதவை, மகன் சிங்கப்பூரில் என்று எழுதினால் அந்த ஊரில் எல்லாருக்கும் யாரென்று தெரியும். கட்டுரையில் அப்படிப்பட்ட விவரங்களைக் குறைத்தோம். அதனால் கட்டுரையின் சுவை கொஞ்சம் குறைந்திருக்கலாம், ஆனாலும் பரவாயில்லை. நம்மை நம்பி வாசலில் பாய் விரித்துப் பேசியவர்கள் அவர்கள்.

கும்பகோணம், வரலாறு, கல்லூரி ஆசிரியர்

எங்கள் துறைக்கு வேறு மாதிரிச் சிக்கல்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்துக்கு எல்லை சொல்லும்போது இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு என்று வரும் (வதியும் கண்ணாறும் நிலத்தைப் பிரித்துக் காட்டும் பாதை, சிறு வாய்க்கால்கள்). அந்த வாய்க்கால்களில் எவை இன்றைக்கும் ஓடுகின்றன என்று தேடிய கட்டுரை என்னுடையது. மதிப்பீட்டாளர் இரண்டு கேட்டார். ஒன்று, அச்சில் உள்ள பாடத்தைக் கல்லோடு ஒப்பிட்டீர்களா? இரண்டு, இன்றைய வாய்க்காலும் கல்வெட்டு வாய்க்காலும் ஒன்றுதான் என்பதற்குப் பெயர் ஒற்றுமையைத் தவிர என்ன சான்று? இரண்டுமே நியாயமான கேள்விகள். பெயர் மட்டும் ஒத்தவற்றையும், பெயரோடு திசையும் பக்கத்து ஊர் எல்லையும் ஒத்தவற்றையும் தனித்தனி வகையாகப் பிரித்தேன். உறுதியாகச் சொல்லக்கூடியவை பட்டியலில் குறைந்தன. கட்டுரை வலுத்தது.

எழுத்துரு பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும், தமிழ் மேற்கோள் தருகிறவர்களும் கவனிக்க வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த கல்வெட்டுப் பாடத்தை அப்படியே ஏற்றினால், இதழின் தளம் உருவாக்கும் பி.டி.எஃப். கோப்பில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றிய பிறகு ஒற்றெழுத்தையும் கொம்பையும் வரிவரியாகச் சரிபார்த்து, எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்து அனுப்புங்கள். 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தும் முன் தளமே ஒரு படியைத் திறந்து பார்க்கச் சொல்லும். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்க்க வேண்டும்.

இருபக்கமும் பெயர் மறைக்கிற மதிப்பீடு (எழுதியவர் யார், மதிப்பிடுபவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது) என்றால் கட்டுரையாசிரியர் பெயரைத் தலைப்புக்குக் கீழிருந்து எடுத்துவிட்டால் போதாது. 'எனது முந்தைய கட்டுரையில் காட்டியபடி' என்ற ஒரு தொடர் போதும், நீங்கள் யாரென்று தெரிந்துவிடும். கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் பெயர், நன்றியுரை, படத்துக்குக் கீழே 'புகைப்படம்: ஆசிரியர்' எல்லாமே காட்டிக்கொடுக்கும்.

மயிலாடுதுறை, வணிகவியல், பகுதிநேர ஆய்வாளர்

சார், அக்கா எல்லாரும் நல்ல இதழ்களின் அனுபவத்தைச் சொல்கிறீர்கள். எனக்கு வேறு அனுபவம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவன் என்பதால் அவசரம் எனக்கு எப்போதும் உண்டு. ஒரு கருத்தரங்கில் சுருக்கம் வாசித்த பிறகு மின்னஞ்சல் வந்தது: உங்கள் மதிப்புமிக்க கட்டுரையை எங்கள் பன்னாட்டு இதழில் மூன்று நாளில் வெளியிடுகிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண், 'தாக்கக் காரணி' (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின்றன என்ற கணக்கு) என்று ஏதோ ஒரு எண், எல்லாம் இருந்தது. என்னோடு படிக்கும் ஒருவர் பணம் கட்டிவிட்டார். விஷயம் தெரிந்து திரும்பப் பெறுகிறேன் என்றதற்கு, அதற்கும் ஒரு கட்டணம் கேட்டார்கள். அங்கே வந்த கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பவும் வழியில்லை, ஏற்கெனவே வெளியானது என்று ஆகிவிடும். பாவம், அந்தத் தரவு அவர் நாலு ஊர் கூட்டுறவுச் சங்கங்களில் அலைந்து சேர்த்தது.

ஐ.எஸ்.எஸ்.என். என்பது இதழுக்கான அடையாள எண் மட்டுமே, தரத்துக்குச் சான்று இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலைப் பார்த்தால் போதும் என்று முன்பு சொல்வார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள். இப்போது நாமேதான் பார்க்க வேண்டும். ஆசிரியர் குழுவில் போட்டிருக்கும் பேராசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய் அவர் அந்தப் பொறுப்பைச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். திறந்த அணுக்க இதழ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியது) என்றால், அத்தகைய இதழ்களைத் தொகுக்கும் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் தேடுங்கள். பழைய இதழ்களில் இரண்டு கட்டுரையை எடுத்துப் படியுங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் எடுத்துப் போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. அதனால் மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொடாமல் பதிப்பகத்தின் தளம் வழியாகவே போங்கள்.

இன்னொரு தகவல், பலருக்குத் தெரியவில்லை. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. பிஎச்.டி. விதிமுறையில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம், அதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லாத கெடுவுக்குப் பயந்து பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

திருவாரூர், வேதியியல்

பெயர் பற்றி யாரும் சொல்லவில்லையே. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இதழின் தளம் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கேட்கும், எதையும் காலியாக விட முடியாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டால், உலகம் முழுக்க என் ஆய்வு அப்பா பெயரில்தான் மேற்கோளாகும். எனக்கு இரண்டு கட்டுரையில் இரண்டு விதமாக வந்து, தேடினால் இரண்டு ஆட்கள் மாதிரித் தெரிகிறது. என்ன செய்தீர்கள்?

இன்னொன்று. ஒரு மதிப்பீட்டாளர் சில கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். எல்லாமே ஒரே ஆளுடையவை. மறுத்தால் கட்டுரை போய்விடுமோ என்று பயம்.

மன்னார்குடி, உழவியல் ஆய்வு மாணவி

தம்பி, பெயருக்கு முதலில் ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) எடுத்துவிடுங்கள். பதினாறு இலக்கம், இலவசம். ஏற்கெனவே வந்த இரண்டு கட்டுரையையும் அதில் இணைத்துவிட்டால், பெயர் எப்படி அச்சாகியிருந்தாலும் ஆள் ஒருவர்தான் என்று தெரியும். இனி ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். நான் என் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்திலும், இனிஷியலை முதல் பெயர்க் கட்டத்திலும் போடுகிறேன். அப்படிப் போட்டால் மேற்கோளில் என் பெயர்தான் முன்னால் வரும்.

மதிப்பீட்டாளர் சொன்ன கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். பொருத்தமானது இருந்தால் சேருங்கள். மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று பதில் கடிதத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி மரியாதையாக எழுதுங்கள். இதழாசிரியருக்கு மட்டும் போகிற குறிப்புக்குத் தனிக் கட்டம் இருக்கும். எல்லாமே ஒரே ஆளின் கட்டுரைகள் என்பதை அங்கே சொல்லுங்கள். முடிவெடுப்பது இதழாசிரியர், மதிப்பீட்டாளர் இல்லை.

பதில் கடிதத்தை இப்படி வைத்துக்கொண்டால் சுலபம்: அவர் கேட்டதை அப்படியே மேலே ஒட்டி, கீழே உங்கள் பதில், மாற்றிய வரியின் எண். எந்தக் கேள்வியையும் தாண்டிப் போகாதீர்கள். ஏற்றுக்கொண்ட பிறகு அச்சுப்படி திருத்த இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள். அப்போது பெயரை இன்னொரு முறை பாருங்கள், தளத்தில் சரியாக இருந்தது அச்சுப்படியில் மாறி வருவது உண்டு.