மெமரீஸ் ஆஃப் மர்டர் மாதிரி வேறு படங்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. போங் ஜூன்-ஹோ 2003ல் எடுத்த மெமரீஸ் ஆஃப் மர்டர் பார்த்ததிலிருந்து வேறு எந்த சீரியல் கில்லர் படமும் மனதில் நிற்க மாட்டேன் என்கிறது. தென் கொரியாவின் ஹ்வாசாங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த கொலைகள்தான் கதைக்கு அடிப்படை. கொலைகாரனின் மூளையைக் கொண்டாடாமல், அவனைப் பிடிக்கத் தெரியாத போலீஸ்காரர்கள் கையில் கிடைத்தவர்களை எல்லாம் அடித்து ஒப்புக்கொள்ள வைப்பதையும், அதில் அவர்களே கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துபோவதையும் காட்டுகிறது பாருங்கள், எனக்கு அதுதான் வேண்டும். சியோலிலிருந்து வரும் அதிகாரி முதலில் ஆவணங்களைத்தான் நம்புவார், கடைசியில் அவரும் துப்பாக்கியை எடுத்துவிடுகிறார்!

உண்மைக் குற்றவாளி யாரென்று 2019ல் டிஎன்ஏ சோதனையில்தான் தெரிந்தது, வேறொரு கொலைக்காக அவன் ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருந்தான். அந்தக் கொலைகளில் ஒன்றுக்காகத் தவறாகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் சுமார் 20 வருடம் சிறையில் கிடந்து, 2020ல்தான் நிரபராதி என்று தீர்ப்பு வந்திருக்கிறது. அதைப் படித்த பிறகு அந்த விசாரணைக் காட்சிகளைப் பார்க்கவே நெஞ்சு கனக்கிறது.

ஸோடியாக், க்யூர் இரண்டும் பார்த்தாச்சு. எந்த மொழியானாலும் சரி, பழைய படமானாலும் சரி, ரத்தத்தைக் காட்டுவதற்காகவே எடுத்தது மட்டும் வேண்டாம். அப்புறம், தவறாகத் தண்டிக்கப்பட்ட அந்த மனிதரைப் பற்றிச் சப்டைட்டிலோடு நல்ல ஆவணப்படம் ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் எங்கே பார்க்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.