பெரிய எஞ்சினும் வேகப் பாகங்களும் அந்தக் காலத்து டீலர் கடையில் போட்டதா, பின்னால் யாரோ போட்டதா? பழைய அமெரிக்க மசில் கார் பார்க்கப் போன அனுபவங்களைப் பகிருங்கள்

பிட்ஸ்பர்க் மாறன்

67 (1967) செவ்ரலே கமாரோ. யென்கோ வண்டி, அதாவது டான் யென்கோ என்ற டீலர் தன் கடையில் பெரிய எஞ்சின் ஏற்றி விற்ற வண்டி என்றார்கள். டான் யென்கோவின் ஊரான கேனன்ஸ்பர்க் எங்களுக்குப் பக்கம்தான், அதனால் இந்த வட்டாரத்தில் யென்கோ கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. பேட்ஜ், ஹூட் எதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அதெல்லாம் இன்று காசு கொடுத்தால் கிடைக்கிறது. நேராக எஞ்சினுக்குப் போனேன்.

பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் எண் குத்தும் தட்டையான இடம் இருக்கிறதே, அதை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். 427 கன அங்குல எஞ்சினுக்கு உரிய குறியீடு, பக்கத்தில் வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரின் கடைசி இலக்கங்கள். வண்டியின் எண்ணோடு அச்சு அசலாகப் பொருந்தியது. விற்பவர் முகமெல்லாம் மலர்ந்து, "பாத்தீங்களா, நம்பர்ஸ் மேட்சிங்!" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

67-ல் ஜிஎம் (செவ்ரலேயின் தாய்க் கம்பெனி) கமாரோவில் 396-க்கு மேல் எஞ்சின் போடவே இல்லை. யென்கோ ஆட்கள்தான் தொழிற்சாலை எஞ்சினை இறக்கிவிட்டு 427-ஐ ஏற்றினார்கள். பார்ட்ஸ் கவுண்டர் வழியாக வந்த எஞ்சினில் இந்த வண்டியின் எண் எப்படி இருக்கும்? பொருந்தாமல் இருந்திருந்தால்தான் எனக்கு நம்பிக்கை வந்திருக்கும். போதாததற்கு, அந்த இடத்தில் தொழிற்சாலையில் செதுக்கியபோது விழுந்து முன்னும் பின்னுமாக ஓட வேண்டிய மெல்லிய இழைக்கோடுகளும் இல்லை. பழைய எண்ணை யாரோ அழித்த மாதிரி வட்டம் வட்டமாகத் தேய்த்த தடம்தான் இருந்தது.

அந்த மனிதர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவரும் யாரிடமோ நம்பி வாங்கியவர்தான். அவர் முகம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ட்ராய் செந்தில்

மாறன் அண்ணா, உங்களுக்காவது ஒரு பதில் கிடைத்தது. என் கேஸ் இன்னும் தொங்குகிறது.

66 பான்டியாக் ஜிடிஓ, ராயல் பாப்கேட் (ராயல் பான்டியாக் என்ற டீலர் எஞ்சினில் கைவைத்து வேகம் கூட்டிக் கொடுத்தது) என்று சொல்லி வந்த வண்டி. பான்டியாக்கின் பழைய ஆவணங்களுக்கு நகல் தரும் பிஎச்எஸ்-இல் தொழிற்சாலை பில்லிங் நகல் வாங்கினேன். ராயல் ஓக்கில் இருந்த அதே ராயல் பான்டியாக்குக்குத்தான் வண்டி போயிருக்கிறது. சரி, வேலை முடிந்தது என்று நினைக்கலாம். ஆனால் அந்தத் தாள் தொழிற்சாலைக் கதவோடு நின்றுவிடுகிறது. அதன்பிறகு ராயல் மெக்கானிக் என்ன செய்தார் என்று பான்டியாக் கம்பெனிக்கு எப்படித் தெரியும்?

உரிமையாளர் சம்மதித்ததால் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினோம். ஹெட்டிலிருந்து கார்புரேட்டருக்கு அடியில் சூடு ஏறும் வழியை அடைக்கிற கேஸ்கெட் உள்ளே இருந்தது. பாப்கேட் வேலையின் கையெழுத்தே அதுதான். கார்பன் கெட்டித்து, உலோகத்தோடு உலோகமாக ஒட்டிப்போயிருந்தது. பல வருடப் பழசு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கை நடுங்கியது, உண்மையாகச் சொல்கிறேன்.

ஆனால் ராயல்காரர்கள் அந்த கிட்டைத் தபாலிலும் விற்றார்கள். மெல்லிய ஹெட் கேஸ்கெட், கார்புரேட்டர் ஜெட், டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்பிரிங் எல்லாம் பெட்டியில் வீட்டுக்கே வந்துவிடும். ராயல் உரிமையாளர் ஏஸ் வில்சனின் கடையில் கழற்றி மாட்டியதா, அல்லது முதல் உரிமையாளர் தன் கராஜில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டியதா? முதல் உரிமையாளர் இப்போது உயிரோடு இல்லை.

நார்வுட் 69

மாறன் சொன்னதைப் படித்துவிட்டு யாராவது "யென்கோ என்றால் நம்பர் பொருந்தக் கூடாது" என்று கிளம்பிவிடப் போகிறார்கள். அது தப்பு. 69-ல் கதையே வேறு. அந்த வருடம் யென்கோ கோபோ 9561 என்ற செவ்ரலேயின் சிறப்பு ஆர்டர் வழியாக ஆர்டர் போட்டார். எல்72 என்கிற 427 எஞ்சினைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பினார்கள். அதனால் 69 வண்டியில் எண் பொருந்தியே ஆக வேண்டும். கடையில் நடந்தது பெரும்பாலும் வண்ணப் பட்டைக்கோடு, பேட்ஜ் ஒட்டும் வேலைதான்.

நான் பார்த்த 69-இல் எஞ்சினில் அதற்குரிய எம்என் குறியீடு இருந்தது, நான்கு கியர் மேனுவலும் இருந்தது, எல்லாம் சரி. ஆனால் பிளாக்கின் வார்ப்புத் தேதி வண்டி கட்டி முடித்த தேதிக்குப் பிந்தியது! வண்டி பிறந்த பிறகு பிளாக் வார்த்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் விற்பவர் "வாரண்டியில் மாற்றியிருப்பார்கள்" என்றார். வாரண்டியில் மாற்றிய பிளாக்கில் எம்என் எதற்கு? சிஇ என்றல்லவா இருக்கும்? இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பிட்ஸ்பர்க் மாறன்

நண்பரே, முதல் வரியிலேயே 67 என்று எழுதியிருக்கிறேன். 69 பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்கள் வார்ப்புத் தேதி விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன்.

ஸ்கார்பரோ ரவி

இங்கே டொராண்டோ பக்கம். 69 கமாரோ இசட்/28, எஞ்சின் மேலே கிராஸ் ராம் என்ற இன்டேக். இரண்டு ஹோலி கார்புரேட்டர் குறுக்கே உட்கார்ந்திருக்கும் அழகை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைத் தொழிற்சாலை பொருத்தியதே இல்லை, பார்ட்ஸ் கவுண்டரில்தான் விற்றார்கள். எனவே ஜிஎம் கனடா ஆவணத்தில் 302 எஞ்சின் இருக்கும், இசட்/28 இருக்கும், கிராஸ் ராம் இருக்காது. இந்த வண்டியிலும் அப்படியே.

விற்பவரிடம் டீலர் பில் இருந்தது. 1969 தேதி, டைப்ரைட்டர் எழுத்து, மடிப்பில் கிழிசல், ஓரத்தில் துருப்பிடித்த ஸ்டேப்லர் பின். தாளைக் கையில் வாங்கியபோது எனக்கே புல்லரித்தது. பிறகு தலைப்பில் இருந்த முகவரியைப் படித்தேன். தெரு, ஊர், ஒன்டாரியோ, அதன்பின் எழுத்தும் எண்ணும் மாறிமாறி வரும் ஆறிலக்க அஞ்சல் குறியீடு.

கனடாவில் அந்தக் குறியீடு 1971-இல்தான் வந்தது.

அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். தாளைப் பழசாக்க அவ்வளவு பாடுபட்டவர் இதை யோசிக்கவில்லை.

சிகாகோ பாண்டியன்

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ரோஸ்மான்ட் கண்காட்சிக்கு வந்த ஒருவர் தன் 72 டாட்ஜ் டீமன் ஜிஎஸ்எஸ் பற்றிச் சொன்னார். மிஸ்டர் நார்ம் கடை (சிகாகோவின் கிராண்ட் ஸ்பால்டிங் டாட்ஜ்) பாக்ஸ்டன் சூப்பர்சார்ஜர் போட்டது என்று ஃபெண்டர் டேகை, அதாவது தொழிற்சாலை குறியீடுகள் அடித்த தகட்டைக் காட்டினார். டேகில் 340 மட்டும்தான் இருந்தது. அது டாட்ஜ் தொழிற்சாலை போட்ட எஞ்சின். கிராண்ட் ஸ்பால்டிங்கில் நடந்த வேலை டேகில் எப்படி வரும்?

இதை வைத்துப் புதிதாகத் தேடுகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். முதலில் வண்டி அந்த டீலரிடம் போனதா என்று பாருங்கள். அது இல்லை என்றால் மற்ற எதுவும் வேண்டாம். ஃபோர்டு என்றால் 67 முதல் தொழிற்சாலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. பான்டியாக்குக்குச் செந்தில் சொன்ன பிஎச்எஸ். அமெரிக்காவில் விற்ற பழைய செவ்ரலேதான் பாடு, என்சிஆர்எஸ் (கார்வெட் பிரியர்கள் சங்கம்) தரும் ஷிப்பிங் தகவலில் டீலர் யார் என்பது போல ஓரிரு விவரம்தான் கிடைக்கும். பில்டு ஷீட் (தொழிற்சாலையில் வண்டி கட்டப் பயன்படுத்திய பட்டியல் தாள்) இருக்கிறதா என்று பெட்ரோல் டேங்குக்கு மேலேயும் சீட்டுக்கு அடியிலும் கை விட்டுத் தேடுங்கள். வாரண்டியோடு வந்த ப்ரொடெக்டோ பிளேட் என்ற உலோகத் தகட்டைப் பார்த்து மயங்காதீர்கள், அதையும் போலியாக அடிக்கிறார்கள். அடுத்து ஆட்கள். முதல் உரிமையாளர், அவர் மனைவி, பிள்ளைகள், அந்தக் கடையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உடனே பேசுங்கள், தள்ளிப்போடாதீர்கள், எல்லோருக்கும் வயதாகிவிட்டது. வீட்டு ஆல்பத்தில் ஹூட் திறந்த ஒரு போட்டோ கிடைத்தால், ஓரத்தில் அச்சிட்ட மாதமும் வருடமும் இருந்தால், என்னைப் பொறுத்தவரை பத்து சான்றிதழுக்குச் சமம். கடைசியாக ஒன்று: டீலர் கதைக்கென்று தனி விலை கேட்டால், தாள் கையில் வரும்வரை சாதாரண வண்டியின் விலைக்கு மேல் ஒரு டாலர்கூடப் பேசாதீர்கள்.

ட்ராய் செந்தில்

ரவி அண்ணா, பில் போலி சரி. அந்த கிராஸ் ராம்?

ஸ்கார்பரோ ரவி

அதுதான் தம்பி என்னைத் தூங்கவிடாத விஷயம். கார்புரேட்டர் வாயில் குத்தியிருந்த லிஸ்ட் நம்பர் (ஹோலியின் மாடல் எண்), தேதிக் குறியீடு இரண்டும் சரியாக இருந்தன. இன்டேக்கும் அந்தக் காலத்து அசல்தான், நானே கை வைத்துப் பார்த்தேன். 69-இல் யாரோ உண்மையாகவே காசு கொடுத்து வாங்கி மாட்டியிருக்கலாம். அந்தப் போலித் தாளால் இனி யார் சொன்னாலும் எடுபடாது. அஞ்சல் குறியீட்டை விற்பவரிடம் காட்டினேன். தாளை வாங்கி மடித்து உறையில் வைத்துக்கொண்டார். போன மாதம் வண்டி கைமாறிவிட்டது, பில்லும் கூடவே போயிருக்கிறது என்று கேள்வி. வாங்கியவர் யார் என்று இங்கே யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், நான் அவரிடம் பேச வேண்டும்.