மிச்சிகனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஆபீஸ் ஃபேண்டஸி லீக்கில் என்எஃப்சி நார்த்திலிருந்து யாரை எடுப்பது?

கேள்வி (டிராய், மிச்சிகன்), 2025 ஆகஸ்ட்

எல்லோருக்கும் வணக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஜூலையில் இங்கே வந்தேன். டீமில் 12 பேர் ஃபேண்டஸி ஃபுட்பால் விளையாடுகிறார்கள், அதாவது என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் நிஜ வீரர்களை வைத்து அணி போட்டு, அவர்கள் ஆட்டத்துக்கு ஏற்பப் புள்ளி எண்ணுவது. ஒருவர் விலகிவிட்டதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் டிராஃப்ட் (ஒவ்வொருவராக வீரர்களை எடுப்பது), என் வரிசை 10. ஐபிஎல் நேரத்தில் செல்போனில் அணி போட்ட அனுபவம்தான் உண்டு. இந்த ஆட்டத்தில் 32 அணியாம், ஒரு பெயரும் தெரியாது. சேரலாமா, வேண்டாமா? சேர்ந்தால் எங்கிருந்து தொடங்குவது?

பதில் (ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்)

தம்பி, தயங்காமல் சேருங்கள். நான் வந்த முதல் வருடம் இந்த அழைப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் பேச்சு முழுவதும் அதுவாகவே இருந்தது. நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். யாரும் ஒதுக்கவில்லை, எனக்குத்தான் பேச எதுவும் இல்லை. மறு வருடம் சேர்ந்தேன். மூன்றே வாரத்தில், அதுவரை குட் மார்னிங் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர்கள் என் மேசைக்கு வந்து பேச ஆரம்பித்தார்கள்.

சேரும் முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் எவ்வளவு? கடைசி இடம் வருபவருக்குத் தண்டனை உண்டா? சில லீக்குகளில் தோற்றவர் ஒரு நாள் முழுக்க ஒரு கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றெல்லாம் வைத்திருப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஐபிஎல் ஆப்பில் உங்கள் அணியிலும் கோலி, என் அணியிலும் கோலி இருக்கலாம். டிராஃப்டில் அது நடக்காது. ஒருவர் எடுத்துவிட்டால், அவரே விடும் வரை அல்லது வேறொருவரோடு மாற்றிக்கொள்ளும் வரை அந்த வீரர் அவருக்குத்தான். வரிசை பாம்பு மாதிரி வளைந்து திரும்பும். 12 பேரில் உங்களுக்கு 10ஆவது இடம் என்றால், முதல் சுற்றில் 10, அடுத்து 15, அப்புறம் 34, 39. முதல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், அதன் பிறகு நீண்ட காத்திருப்பு.

புள்ளிக் கணக்கு பெரும்பாலும் இப்படி இருக்கும்: 10 யார்டு ஓடினாலோ பிடித்து முன்னேறினாலோ 1 புள்ளி, டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) 6. பந்தை வீசும் ஆளான குவார்ட்டர்பேக் வீசும் டச்டவுனுக்கு 4 மட்டும், அவர் வீசும் 25 யார்டுக்கு 1. உங்கள் லீக் பிபிஆரா என்று கட்டாயம் கேளுங்கள். அப்படியானால் ஒவ்வொரு முறை பந்தைப் பிடிக்கும்போதும் கூடுதலாக 1 புள்ளி.

32 அணியையும் படிக்க நினைக்காதீர்கள். நான்கை மட்டும் படியுங்கள். என்எஃப்எல்லில் எட்டு டிவிஷன், ஒவ்வொன்றிலும் நான்கு அணி. நம்முடையது என்எஃப்சி நார்த்: டெட்ராய்ட் லயன்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ், சிகாகோ பேர்ஸ். இந்த நான்கும் தங்களுக்குள் வருடத்துக்கு இரண்டு முறை மோதும். லயன்ஸ் ஆட்டம் உள்ளூர் சேனலில் இலவசமாக வரும், ஒரு சின்ன ஆன்டெனா போதும். லயன்ஸை மட்டும் பார்த்தாலே 17 ஆட்டத்தில் ஆறில் மற்ற மூன்று அணிகளையும் பார்த்துவிடுவீர்கள். கண்ணால் பார்த்த வீரரைப் பற்றி உங்களுக்கே ஒரு கருத்து உருவாகும். அதுதான் டிராஃப்டிலும் உதவும், சாப்பாட்டு மேசையிலும் உதவும்.

முதல் பெயர் ஜாமிர் கிப்ஸ், லயன்ஸின் ரன்னிங் பேக், அதாவது பந்தோடு ஓடுகிற ஆள். 2024இல் 1,412 யார்டு ஓடினார், 52 பந்து பிடித்து இன்னொரு 517 யார்டு, மொத்தம் 20 டச்டவுன். பிபிஆரில் சுமார் 360 புள்ளி. இந்த எண்ணை அப்படியே நம்பாமல் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். கடைசி வாரம், 2025 ஜனவரி 5, வைக்கிங்ஸுடன் டிவிஷன் யாருக்கு என்று தீர்மானித்த ஆட்டம். அதில் மட்டும் 4 டச்டவுன் அடித்தார், லயன்ஸ் 31-9 என்று வென்றது. அது 18ஆவது வாரம். பெரும்பாலான ஃபேண்டஸி லீக்குகள் 17ஆவது வாரத்தோடு முடிந்துவிடும். அந்த நாலு டச்டவுனும் அநேகமாக யார் கணக்கிலும் ஏறவில்லை. வருட மொத்தத்தைப் பார்க்கும்போது எந்த வாரத்தில் வந்தது என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று, கிப்ஸ் தனியாள் இல்லை. டேவிட் மான்ட்கமரியும் அதே இடத்தில் ஆடுகிறார். 2024இல் அவரும் 12 டச்டவுன் அடித்தவர், கோட்டுக்கு அருகே போனதும் பந்து பல முறை அவரிடம் போகும். டிசம்பர் நடுவில் முழங்காலில் அடிபட்டு அவர் வெளியேறிய பிறகுதான் கிப்ஸுக்கு முழுப் பாரமும் வந்தது. இப்போது மான்ட்கமரி திரும்பி வந்துவிட்டார். அதோடு முன்வரிசையின் நடுவில் சென்டராக ஆடிய ஃபிராங்க் ராக்னோ ஜூனில் ஓய்வு அறிவித்தார். ஓடுகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். அவருக்கு முன்னால் வழி திறந்துவிடும் ஐந்து பேரையும் பார்க்கப் பழகுங்கள். அப்படியும் என் கணக்கில் இந்த டிவிஷனில் கிப்ஸ்தான் முதல் ஆள். ஆனால் 10ஆவது இடம் வரை அவர் இருக்க மாட்டார்.

உங்களுக்குக் கிடைக்க வாய்ப்புள்ளவர் அமோன்-ரா செயின்ட் பிரவுன், லயன்ஸின் வைட் ரிசீவர், அதாவது வீசும் பந்தைப் பிடிக்கிற ஆள். எனக்கு மிகவும் பிடித்த வீரர். 2021இல், என்எஃப்எல் அணிகள் புது வீரர்களை எடுக்கும் நிஜ டிராஃப்டில், நான்காவது சுற்றில் 112ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். தனக்கு முன் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்லுவார். அம்மா ஜெர்மனிக்காரர், வீட்டில் ஜெர்மன் பேசி வளர்ந்தவர். 2023இல் 119 பந்து, 1,515 யார்டு. 2024இல் 115 பந்து, 1,263 யார்டு, 12 டச்டவுன். நீளப் பந்துக்காக ஓடுகிற ஆள் இல்லை. எட்டு, பத்து யார்டில் திரும்பி நின்று, இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்துக் காத்திருப்பார். பந்து வரும், ஒருவர் மோதுவார், விழுந்து எழுந்து பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு வந்து நிற்பார். இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஏழு எட்டு முறை. பிபிஆரில் இந்த மாதிரி ஆள் மாதச் சம்பளம் மாதிரி, தவறாமல் வந்துகொண்டே இருக்கும்.

பேக்கர்ஸில் ஒரே பெயரை நினைவில் வைத்தால் போதும்: ரன்னிங் பேக் ஜாஷ் ஜேகப்ஸ். 2024இல் 1,329 யார்டு, ஓடியே 15 டச்டவுன். 15ஆவது இடத்தில் அவர் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். பேக்கர்ஸின் ரிசீவர்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். அந்த அணி 2024இல் 11 ஆட்டம் வென்றது, ஆனால் அவர்களில் அதிக யார்டு எடுத்த ஜேடன் ரீடுக்கே 857தான். குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ் பந்தை ஐந்தாறு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார். அணிக்கு அது பலம். உங்களுக்கு எந்த வாரம் யார் என்று ஊகிக்க முடியாது. இந்த வருட நிஜ டிராஃப்டின் முதல் சுற்றில் மேத்யூ கோல்டன் என்ற ரிசீவரை வேறு எடுத்திருக்கிறார்கள்.

பேர்ஸைப் பிற்பாதிச் சுற்றுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை 2024இல் 68 முறை பந்தோடு கீழே தள்ளினார்கள். இப்போது லயன்ஸின் தாக்குதல் ஆட்டத்தை வடிவமைத்த பென் ஜான்சன் அங்கே தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார், அதனால் நிலைமை மாறலாம். ரிசீவர் டி.ஜே. மூர் 2023இல் 1,364 யார்டு எடுத்தவர். பிந்திய சுற்றில் கிடைத்தால் எடுக்கலாம்.

அப்புறம் குவார்ட்டர்பேக். இதில் நான் பட்டிருக்கிறேன். என் முதல் டிராஃப்ட் ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் நடந்தது. சுவரில் பெரிய அட்டை, ஒவ்வொரு பெயரும் ஸ்டிக்கரில், ஒவ்வொரு தேர்வுக்கும் போனில் 90 வினாடி ஓடிக்கொண்டிருந்தது. பதற்றத்தில், கேள்விப்பட்ட பெயர் என்று ஒரு குவார்ட்டர்பேக்கை முதல் சுற்றிலேயே எடுத்தேன். அந்த வருடம் முழுவதும் நல்ல ரன்னிங் பேக் இல்லாமல் திண்டாடினேன். ஒரு அணிக்கு ஒரு குவார்ட்டர்பேக்தான் ஆட வைக்க முடியும், அதனால் ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகும் நல்லவர்கள் மீதம் இருப்பார்கள். நம் டிவிஷனிலேயே பாருங்கள்: 2024இல் ஜாரெட் காஃப் 37 டச்டவுன் வீசினார், வைக்கிங்ஸின் சாம் டார்னோல்டு 35. டார்னோல்டைப் பல லீக்குகளில் டிராஃப்டில் யாரும் தொடவே இல்லை.

வைக்கிங்ஸைப் பற்றி மினியாபோலிஸ் பக்கம் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் (ஈடன் பிரெய்ரி, மினசோட்டா)

தம்பிக்கு நல்வரவு. நான் இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வைக்கிங்ஸின் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் 2023இல் அவர் என் அணியில் இருந்தார்.

2022இல் 128 பந்து, 1,809 யார்டு. அதைப் பார்த்துத்தான் மறு வருடம் முதல் ஆளாக எடுத்தேன். அக்டோபர் 8ஆம் தேதி தொடைப்பின்தசையில் அடிபட்டார், ஏழு ஆட்டம் இல்லை. லீக்கில் ஒருவர் அன்று இரவே மெசேஜ் அனுப்பினார், இரண்டு சுமாரான வீரர்களைத் தருகிறேன், ஜெஃபர்சனைக் கொடு என்று. கொடுக்கவில்லை. காயம்பட்டவர்களுக்கென்று ஐஆர் என்று ஒரு தனி இடம் இருக்கும். அங்கே வைத்தால் பெஞ்சில் இடம் அடையாது. காலியான இடத்தில் அதே அணியின் புது ரிசீவர் ஜோர்டன் ஆடிசனை வேவரில் (யார் அணியிலும் இல்லாதவர்களிலிருந்து) எடுத்தேன். அக்டோபர் 23, திங்கள் இரவு, சான் பிரான்சிஸ்கோவுடன் ஆட்டம். எதிராளி கையில் போய்விட்டது என்று நினைத்த பந்தைப் பிடுங்கிக்கொண்டு 60 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை நான் போட்ட சத்தத்தில் எழுந்துவிட்டாள். அன்று அவருக்கு 123 யார்டு, 2 டச்டவுன். ஜெஃபர்சனும் திரும்பி வந்து, பத்தே ஆட்டத்தில் 1,074 யார்டோடு அந்த வருடத்தை முடித்தார். அதனால் முதல் சுற்று வீரர் அடிபட்டால் பயத்தில் விற்காதீர்கள். எத்தனை வாரம் என்று தெரிந்துகொண்டு, அதே அணியில் அந்தப் பந்து இனி யாருக்குப் போகும் என்று பாருங்கள்.

இந்த வருடம் ஆடிசனுக்கு முதல் 3 ஆட்டம் தடை. அதனால் டிராஃப்டில் கீழே இறங்குவார். பொறுமை இருந்தால் எடுத்து பெஞ்சில் வைக்கலாம். குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி உங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பையன்தான். அடிபட்டதால் 2024 முழுவதும் ஆடவில்லை. அவரிடம் முதல் வருடத்திலேயே நிறைய எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, இந்த வருடம் வைக்கிங்ஸ் செப்டம்பர் 28 டப்ளினிலும் அக்டோபர் 5 லண்டனிலும் ஆடுகிறார்கள். இரண்டுமே உங்கள் நேரத்துக்குக் காலை 9:30. மற்ற ஞாயிறுகளில் மதியம் 1 மணி வரை அணியை மாற்றலாம் என்ற பழக்கத்தில் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி (டிராய்)

அக்கா, அண்ணா, மிக்க நன்றி. லீக் பிபிஆர்தான் என்று கேட்டுக்கொண்டேன். பணம் 25 டாலர், தண்டனை கிடையாது. 10இல் செயின்ட் பிரவுன், 15இல் ஜேகப்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே டிவிஷனாக எடுத்தால் ஆபத்தில்லையா? டிசம்பர் 20ஆம் தேதி ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், அது பிரச்சினையா?

பதில் (ஃபார்மிங்டன் ஹில்ஸ்)

நான்கைந்து பேர் போதும். மற்றவர்களை வெளியிலிருந்து எடுங்கள். முக்கியமாக ஓய்வு வாரத்தைப் பாருங்கள்: பேக்கர்ஸ், பேர்ஸ் இரண்டுக்கும் 5ஆவது வாரம், வைக்கிங்ஸுக்கு 6, லயன்ஸுக்கு 8. ஜேகப்ஸையும் மூரையும் சேர்த்து வைத்திருந்தால் 5ஆவது வாரம் இரண்டு இடம் காலி. நம் அணிகள் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும் என்று கவலை வேண்டாம், இரு பக்கத்து வீரர்களும் புள்ளி எடுக்கலாம்.

டைட் எண்டுக்கு (பந்தைப் பிடிப்பதோடு எதிராளியைத் தடுக்கவும் செய்பவர்) லயன்ஸின் சாம் லபோர்ட்டாவை நினைவில் வையுங்கள். 2023இல் முதல் வருடத்திலேயே 10 டச்டவுன் அடித்தவர். 2024இல் 7ஆகக் குறைந்ததால் டிராஃப்டில் பிந்தியே போவார். 39இல் கூட வேண்டாம், அதற்குப் பிறகு பாருங்கள்.

வியாழக்கிழமை ஆடும் வீரரை ஃப்ளெக்ஸ் இடத்தில் போடாதீர்கள், அவருடைய சொந்த இடத்திலேயே போடுங்கள். ஞாயிறு காலை யாராவது ஆடவில்லை என்று செய்தி வந்தால், ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்டு மூன்றில் யாரையும் வைக்கக்கூடியது ஃப்ளெக்ஸ் ஒன்றுதான்.

தேங்க்ஸ்கிவிங் அன்று லயன்ஸ் எப்போதும் ஆடும், இந்த வருடம் பேக்கர்ஸுடன், நவம்பர் 27 மதியம் 1 மணி. உங்கள் அணியில் மூன்று பேர் அந்த ஆட்டத்தில் இருப்பார்கள். அன்று எங்காவது விருந்துக்கோ நயாகராவுக்கோ கிளம்பியிருப்பீர்கள். புதன் இரவே அணியை அமைத்துவிடுங்கள்.

டிக்கெட்டை மாற்ற வேண்டாம். ஆனால் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான லீக்குகளில் 17ஆவது வாரம்தான் ஃபைனல். அந்த வாரம் லயன்ஸும் வைக்கிங்ஸும் கிறிஸ்துமஸ் அன்று மினியாபோலிஸில் மோதுகிறார்கள். கூரை போட்ட மைதானம், பனி, காற்று ஒன்றும் இல்லை, ரிசீவர்களுக்கு ஏற்ற இடம். செயின்ட் பிரவுனை எடுப்பதற்கு இது இன்னொரு காரணம். ஆட்டம் இங்கே மாலை 4:30 மணி, நம் ஊரில் 26ஆம் தேதி அதிகாலை 3 மணி. ஃபைனலுக்குப் போயிருந்தால், 25ஆம் தேதி இரவு சாப்பிட்டதும் ஆப்பைத் திறந்து, யாருக்காவது காயம் என்று செய்தி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் படுங்கள்.