புகைவிலக்கு விளம்பரத்தைப் பார்த்து உதவி கேட்டவர்கள் உண்மையில் உண்டா?

பாலக்கோடு வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 58 வயது. பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி அவருக்குப் போதாது. தொலைக்காட்சியில் படம் தொடங்குமுன் புகையிலை எச்சரிக்கை விளம்பரம் வந்தாலே எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார். அங்கே போய் இன்னொன்றைப் பற்ற வைக்கிறார் என்பதுதான் வேதனை. திரையரங்கு, வானொலி, பேருந்து நிலையச் சுவர் என எங்கும் செய்யப்படும் இந்தப் பிரச்சாரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு விட வேண்டும், வழி சொல்லுங்கள்" என்று யாராவது ஓரிடத்தில் போய்க் கேட்டிருக்கிறார்களா? அச்சுறுத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறதா?

கிருஷ்ணகிரி செவிலி:

தம்பி, கேட்டிருக்கிறார்கள், எண்ணிக்கையே இருக்கிறது. அமெரிக்காவில் 2012 மார்ச்சில், புகையால் உடல் கெட்ட முன்னாள் புகைப்பாளர்களே தங்கள் நிலையைச் சொல்லும் விளம்பரங்களை 12 வாரம் ஒளிபரப்பினார்கள். தொண்டையில் துளையிடப்பட்டவர், காலை இழந்தவர் எனப் பார்க்கச் சங்கடமான காட்சிகள்தாம். ஆனால் உதவி எண்ணையும் கூடவே காட்டினார்கள். முந்தைய ஆண்டின் அதே வாரங்களில் 1,57,675 ஆக இருந்த அழைப்புகள் அந்த 12 வாரங்களில் 3,65,194 ஆக உயர்ந்தன. விளம்பரம் நின்றதும் அழைப்பும் விரைவாகச் சரிந்துவிட்டது. நான் இதை எங்கள் பயிற்சிக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 அன்று மட்டும் பேரணி நடத்தி மீதி நாட்களில் மௌனமாக இருப்பதால் பயன் மிகவும் குறைவு என்பதே.

அச்சத்தை மட்டும் ஊட்டி வெளியேறும் கதவைக் காட்டாவிட்டால், மனிதர் அந்த அச்சத்திலிருந்து தப்பத்தான் வழி தேடுவார். உங்கள் தந்தை திண்ணைக்குப் போவது அப்படித்தான். அதை அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. உறைக்காதவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நம் நாட்டில் 2016-17இல் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், அட்டைப்பெட்டியின் எச்சரிக்கையைக் கண்டு விட நினைத்ததாகச் சொன்ன சிகரெட் பிடிப்போர் 61.9 விழுக்காடு, பீடி பிடிப்போர் 53.8 விழுக்காடு. நினைப்பு இருக்கிறது, அதை அடுத்த படிக்குக் கொண்டுபோகும் கைதான் தேவை. 2018 செப்டம்பர் முதல் நம் பெட்டிகளிலும் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண் அச்சிடப்படுகிறது.

அரூர் பெட்டிக்கடை:

அம்மா சொல்வதில் ஒரு திருத்தம். பெட்டியில் எண் இருந்து என்ன பயன்? என் கடையில் முழுப் பெட்டி வாங்குகிறவர் குறைவு. ஒன்று, இரண்டு என்று உதிரியாகத்தான் கேட்கிறார்கள். பெட்டி என் பக்கத்தில், சிகரெட் அவர்கள் கையில். முழுதாக வாங்குகிறவர்களிலும் சிலர், "அந்தப் படம் வேண்டாம், வேறு படம் போட்டதாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். விற்கிற நானே இதைச் சொல்வது முரண்தான்.

ஓசூர் இரவுப்பணி:

பெட்டிக்கடை அண்ணன் சொல்வது என் கதையேதான். 11 ஆண்டுகள் உதிரியாகவே வாங்கியதால் அந்த எண்ணை நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் கடைக்காரர் கடைசிச் சிகரெட்டைப் பெட்டியோடு நீட்டினார். அப்போதுதான் எண் கண்ணில் பட்டது. உடனே அழைத்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தேன். ஒருமுறை மணி அடிக்கத் தொடங்கியதும் நானே துண்டித்தேன். திட்டுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம்.

பேசியபோது யாரும் திட்டவில்லை. நோயைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. எந்த நேரத்தில் தோன்றுகிறது, யாரோடு இருக்கும்போது, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்துக்குள் முதல் சிகரெட் என்று தமிழிலேயே பொறுமையாகக் கேட்டு, விடுவதற்கு ஒரு நாளை என்னையே குறிக்கச் சொன்னார்கள். அந்த வேட்கை எழுந்தால் சில நிமிடங்களில் தானாகத் தணியும், அதுவரை தண்ணீரை மெல்லக் குடித்துத் தள்ளிப்போடுங்கள் என்றார்கள். குறித்த நாளுக்குப் பிறகு அவர்களே திரும்ப அழைத்தார்கள். முதல் வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருந்தன. இரண்டு முறை சறுக்கினேன். இப்போது 14 மாதம் ஆகிறது. விளம்பரங்கள் நுரையீரலைக் காட்டுகிற அளவுக்கு, அந்த முனையில் பேசுகிறவர் எப்படிப் பேசுவார் என்பதையும் காட்டியிருந்தால் அந்த மூன்று மாதம் எனக்கு வீணாகியிருக்காது.

பாலக்கோடு வாசி:

அனைவருக்கும் நன்றி. ஓசூர் அண்ணன் எழுதியதை நேற்றிரவு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நோயைப் பற்றிய பகுதிகளை வேண்டுமென்றே தவிர்த்தேன். இம்முறை திண்ணைக்கு எழுந்து போகவில்லை. எண்ணை அவருடைய மண்டிக் கணக்கு நோட்டின் உள்ளட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். வெகுநேரம் கழித்து, "அதுக்குக் காசு பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். பிடிக்காது என்று சொல்லியிருக்கிறேன்.