கருவாடு இல்லாம கஞ்சி இறங்காத அப்பாவுக்கு உப்பை எப்படி குறைக்கிறது?

பாம்பன்பொண்ணு:
அப்பா கடலுக்கு போறவரு, பிபி மாத்திரை போடுறாரு, டாக்டர் உப்பை குறைக்க சொல்லிட்டாங்க. ஆனா காலைல பழைய கஞ்சிக்கு சுட்ட கருவாடு, மதியம் ஊறுகா, ராத்திரி அப்பளம்னு எல்லாமே உப்புதான், கொஞ்சம் கம்மியா போட்டாலும் தட்டை தள்ளிட்டு எந்திரிச்சிருறாரு. ரொம்ப பயமா இருக்கு, என்ன செய்யலாம்?

தொண்டிக்காரன்:
தங்கச்சி, ஒரேயடியா நிறுத்தாதீங்க, மெல்ல மெல்ல குறைங்க, சில வாரத்துல நாக்கு பழகிரும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழ, கருவாடு, ஊறுகாய்ல இருக்கிற உப்பும் அதுலயே சேத்திதான். கருவாட்டை வெந்நீர்ல ஊறப்போட்டு ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலசிட்டு குழம்பா வைங்க, தனியா உப்பே வேணாம். நம்ம முண்டு மிளகாயும் புளியும் பூண்டும் தூக்கலா இருந்தா உப்பு கம்மின்னே தெரியாது.

கீழக்கரை அக்கா:
பச்சை மீன் கிடைக்கிற அன்னைக்கு கருவாடு எதுக்கும்மா? சாளை வாங்கி சட்டில குழம்பு வைங்க, ஒமேகா 3 இருக்கு, இதயத்துக்கு நல்லது. கஞ்சிக்கு சின்ன வெங்காயம், மோர் போதும். இந்துப்பும் உப்புதான், ஏமாந்துறாதீங்க. சோடியம் கம்மின்னு விக்கிற உப்புல பொட்டாசியம் இருக்கும், சில பிபி மாத்திரைக்கு அது ஆகாது, டாக்டர்ட்ட கேக்காம வாங்காதீங்க. மாத்திரையை மட்டும் நிறுத்த விட்றாதீங்கம்மா.

பாம்பன்பொண்ணு:
நன்றிக்கா, நன்றிண்ணே. நாளைக்கே சாளை வாங்குறேன், அப்பளத்தையும் ஊறுகாயையும் முதல்ல நிறுத்திடுறேன்.