கலைச்சொல் தேவை: சுறா வரைபடத்தில் இரண்டு பொத்தான்கள்

சிட்னி, தமிழ்ப்பள்ளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு இணையதளம் செய்கிறார்கள். ஆஸ்திரேலியக் கரையோரங்களில் சுறாவிடம் மாட்டியவர்களின் பதிவுகள் வரைபடத்தில் புள்ளிகளாக இருக்கும். கீழே உள்ள ஆண்டுப் பட்டையை இழுத்தால் புள்ளிகள் கூடும், குறையும். ஒரு புள்ளியைத் தொட்டால் இடம், ஆண்டு, சுறாவின் இனம், அந்த ஆள் அப்போது நீந்தினாரா, அலைச்சறுக்கினாரா, ஈட்டியால் மீன் குத்தினாரா என்ற விவரமெல்லாம் சிறு பெட்டியில் விரியும். தரவு, இங்கே விலங்குக்காட்சிசாலை நடத்தும் டரோங்கா அமைப்பு பராமரிக்கும் பொதுத் தரவுத்தளத்திலிருந்து வருகிறது. 1791 முதல் பதிவுகள் இருக்கின்றன, யாரும் இறக்கிக்கொள்ளலாம். வரைபடத்தை இயக்க லீஃப்லெட் என்ற நிரல், அடிப்படம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடம். ஆங்கிலப் பக்கம் முடிந்துவிட்டது. தமிழ்ப் பக்கத்தை வரும் சனிக்கிழமை பெற்றோருக்குக் காட்ட வேண்டும்.

நெருங்கிக் கிடக்கும் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து எண்ணோடு வட்டமாக நிற்குமே, அதற்குப் ‘புள்ளிக்கொத்து’ என்று பிள்ளைகளே வைத்துவிட்டார்கள், எனக்கும் பிடித்திருக்கிறது. சிக்கல் வடிகட்டியில்தான். அங்கே இரண்டு பொத்தான்கள்: ப்ரொவோக்டு, அன்ப்ரொவோக்டு. அதாவது மனிதர் ஏதோ செய்ததால் நடந்தது, மனிதர் ஒன்றும் செய்யாமலே நடந்தது. இப்போதைக்குத் ‘தூண்டப்பட்ட தாக்குதல்’, ‘தூண்டப்படாத தாக்குதல்’ என்று போட்டிருக்கிறோம். கைபேசியில் பொத்தான் மூன்று வரியாக மடிகிறது, இரண்டிலும் முதல் வரி ‘தூண்டப்ப’ என்றே நிற்பதால் எது எதுவென்று கண்ணுக்குத் தெரிவதில்லை. சிறிய சொல்லாக, பதினைந்து வயதுப் பிள்ளை அகராதி தேடாமல் படிக்கிற சொல்லாக வேண்டும். வெள்ளி இரவுக்குள் கிடைத்தால் பெரிய உதவி.

சென்னை, இணைய வடிவமைப்பாளர் எழுதியது:

அக்கா, ‘சீண்டியது’, ‘சீண்டாதது’. நாயைச் சீண்டாதே, கடிக்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்லி வளர்த்த சொல்தானே. ஒரு வரியில் அடங்கும். முதலெழுத்துகள் ஒன்றாக இருப்பதைச் சமாளிக்கப் பொத்தானில் ஒன்றுக்கு நிரப்பிய வட்டமும் மற்றதற்கு வெற்று வட்டமும் வையுங்கள், நிறத்தை மட்டும் நம்பினால் நிறக்குருடு உள்ளவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. ‘தாக்குதல்’ வேண்டாம். நாய்க்கடி, பாம்புக்கடி, எலிக்கடி எல்லாம் சொல்கிறோம், பாம்புத் தாக்குதல் என்று யாரும் சொல்வதில்லை. சுறாவுக்கு மட்டும் ஏன் படையெடுத்து வந்த பகைவனின் சொல்? ‘சுறாக்கடி’ போதும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அன்புள்ள அம்மா, நல்ல முயற்சி. ஆனால் ‘சுறாக்கடி’ என்பதை இவ்வளவு எளிதாக விட்டுவிட எனக்கு மனம் இல்லை. கடி என்பது உரிச்சொல்லாகவும் நிற்கும். காப்பு, கூர்மை, விரை, விளக்கம், அச்சம் என்று நன்னூலார் அடுக்குகிற பொருள்களில் மன்றலும் உண்டு. கடிமணம் என்கிறோம் அல்லவா? அத்தோடு இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் கடி என்றால் சலிப்பூட்டும் நகைச்சுவை. இப்படிப் பல திசையில் இழுக்கும் சொல் கலைச்சொல்லுக்கு ஆகுமா?

சுறா மனிதனைக் காயப்படுத்தியதற்குத் தமிழில் பழைய சான்றே இருக்கிறது. குறுந்தொகை 269, கல்லாடனார் பாட்டு: ‘வயச்சுறா எறிந்த புண் தணிந்து எந்தையும் நீல்நிறப் பெருங்கடல் புக்கனன்’. வலிய சுறா எறிந்த புண் ஆறி, அப்பா மறுபடி கடலுக்குப் போய்விட்டார் என்கிறாள் அந்தப் பெண். புண் ஆறியதும் மறுபடி கடல்! உங்கள் வரைபடத்தில் அலைச்சறுக்கப் போகிறவர்களும் அப்படித்தானே? அங்கே புலவர் கடித்தது என்று சொல்லவில்லை, எறிந்தது என்கிறார். எறிதல் என்றால் வெட்டுதல், தாக்குதல், குத்துதல் எல்லாம் அடங்கும். ஆகவே ‘சுறாவெறி’ என்று ஆக்கலாம்.

சென்னை, இணைய வடிவமைப்பாளர் எழுதியது:

ஐயா, பாட்டு அருமை, முகப்பிலேயே போடலாம். ஆனால் ‘சுறாவெறி’ என்பதைப் பிள்ளைகள் ‘சுறா வெறி’ என்றுதான் படிப்பார்கள். இரத்தம் கண்டு வெறி பிடித்த சுறா என்ற படிமத்தை உடைக்கத்தான் இந்தத் தளமே. உடம்படுமெய் நம்மை அங்கேயே கொண்டுபோய் விடுகிறது.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பி சொல்வது சரி. அப்படியானால் முதல் நீட்டி ‘சுறவேறு’ என்போம். எறி என்னும் வினை நீண்டு ஏறு ஆகும். கல்லேறு, கண்ணேறு, இடியேறு. அதே வார்ப்பில் சுறவேறு. கண்ணேறு தெரிந்த வீட்டில் இது புரியாமல் போகாது.

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியர் எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். சுறவேறு வடிவான சொல்தான், ஆனால் தொல்காப்பியர் அந்த இடத்தை ஏற்கெனவே வேறு பொருளுக்குக் கொடுத்துவிட்டார். மரபியலில் ‘கடல்வாழ் சுறவும் ஏறு எனப்படுமே’ என்கிறார். ஆண் சுறாதான் சுறவேறு. தரவில் சுறாவின் இனம், நீளம் எல்லாம் ஒரு பத்தியில் வருகிறபோது அதே பெட்டியில் சுறவேறு என்று போட்டால் குழப்பம்.

நான் எழுத வந்தது வேறு. ‘சீண்டியது’ என்ற சொல்லைத் தரவுத்தளத்தின் வரையறையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கோ. அங்கே ஆள் சுறாவைத் தொட்டாலே முதல் வகையில் சேரும், வேண்டுமென்று தொட்டாலும் தெரியாமல் தொட்டாலும் ஒன்றுதான். மீன்பிடித்தல், ஈட்டியால் குத்துதல், பிடித்த மீனைக் கழுவுதல் என்று சுறாவை அந்தப் பக்கம் இழுக்கிற வேலைகளும் அதற்குள்தான் வரும். 1958இல் தொடங்கி இப்போது புளோரிடாவில் இருக்கிற பன்னாட்டுச் சுறாத் தாக்குதல் கோப்பும் ஈட்டி மீன்பிடிப்பில் வாங்கிய கடியை இந்த வகையில்தான் வைக்கிறது. சீண்டுதல் என்றால் நோக்கம் வேண்டும். வேண்டுமென்றே கிள்ளிப் பார்க்கிறவன்தான் சீண்டுகிறவன். ஆழமில்லாத பாறைத் தரையோடு அசையாமல் ஒட்டிக் கிடக்கும் கம்பளச் சுறாவைத் தெரியாமல் மிதித்துக் கடி வாங்குகிற ஒருவரைச் சீண்டியவர் என்று எழுதலாமோ?

உயிரியலில் நாங்கள் ‘தூண்டல்’ என்றுதான் படிப்பிக்கிறோம். ஒளி தூண்டல், வெப்பம் தூண்டல், தொடுகை தூண்டல். அதில் குற்றமும் இல்லை, நோக்கமும் இல்லை. ‘தூண்டற்கடி’, ‘தூண்டாக்கடி’. செயப்பாட்டு வினையை எடுத்துவிட்டாலே நீளம் பாதியாகும்.

இன்னொரு சின்ன விஷயம், பெட்டியில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்று போட்டிருந்தால் இலங்கைப் பிள்ளைகள் அகலக்கோடு, நெடுங்கோடு என்றுதான் படித்திருப்பார்கள். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

தூத்துக்குடி, மீன்வளம் படித்தவர் எழுதியது:

கடற்கரை ஆட்களின் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. வலையில் கிடக்கும் சுறாவை எடுக்கும்போது அது திரும்பிக் கையைக் கவ்வினால் யாரும் அதைச் சீண்டல் என்றோ தூண்டல் என்றோ சொல்வதில்லை. அது தொழில். உங்கள் வடிகட்டியில் அது மனிதர் ஏதோ செய்த வகைக்குள் போகும், நியாயம்தான், ஆனால் அந்தச் சொல் மீனவருக்கு உறுத்தக்கூடாது.

ஐயா சொன்ன பாட்டோடு பட்டினப்பாலையையும் சேர்க்கலாம். ‘சினைச் சுறவின் கோடு நட்டு’ என்று பரதவர் வழிபட்டது வருகிறதே, அந்தக் கோடு நாங்கள் வேளா என்று சொல்லும் மீனின் இரம்ப மூக்கு என்பது என் உறுதியான எண்ணம். வேளா சுறா போலத் தெரியும், ஆனால் திருக்கை இனம். கொம்பன் சுறாவுக்குத் தலைதான் பக்கவாட்டில் நீண்டிருக்கும், அதை வெட்டி நட முடியாது. வேளாவின் மூக்கைத்தான் நடலாம். சங்கப் பாடல்களில் சுறவு என்று வரும் இடங்களில் எத்தனை சுறா, எத்தனை வேளா என்பதைத் தனி இழையில் யாராவது எடுக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘கடி’ எல்லாவற்றையும் அடக்காது. பலகையை மட்டும் கவ்விவிட்டுப் போன சுறா இருக்கிறது, இடித்துவிட்டுப் போனது இருக்கிறது, ஆளுக்குக் கீறல்கூட இல்லை. அவையும் அந்தத் தரவில் வருகின்றன. 2013இல் நெஃப், ஹியூட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவர் இதை நான்காகப் பிரித்தார்கள்: சுறாவைக் கண்டது, சுறாவோடு எதிர்ப்பட்டது, கடி, உயிர் போன கடி. டரோங்கா கோப்பும் பெயரிலிருந்து தாக்குதலை எடுத்துவிட்டது. ஆகவே தலைப்புக்குச் ‘சுறா எதிர்ப்பாடு’ என்று வைக்கலாம்.

சென்னை, இணைய வடிவமைப்பாளர் எழுதியது:

அண்ணா, எதிர்ப்பாடு என்றால் சுறாவை எதிர்த்துப் போராட்டம் என்று படிக்கிறது. டரோங்காக்காரர்கள் ஆங்கிலத்தில் வைத்த ‘ஷார்க் இன்சிடன்ட்’ என்ற பெயரை அப்படியே எடுத்துச் ‘சுறா நிகழ்வு’ என்றாலும் மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றுகிற நினைவுதான் வருகிறது. ‘சம்பவம்’ இப்போது பிள்ளைகள் வாயில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. தலைப்பு சுறாக்கடியாகவே இருக்கட்டும், காயம் இல்லாதவற்றுக்குக் ‘காயமில்லை’ என்று இன்னொரு பொத்தான் வைத்துவிடலாம். புளோரிடாக்காரர்களும் கோப்பின் பெயரில் தாக்குதலை வைத்துக்கொண்டே ஆண்டறிக்கையில் கடி என்றுதான் எண்ணுகிறார்கள். 2024இல் உலகம் முழுக்க 47, 24 என்று இரண்டு வகைக்கும் அவர்கள் கொடுத்த கணக்கு அது, பெரிய எண் மனிதர் ஒன்றும் செய்யாத வகை.

தூண்டலில் குற்றம் இல்லை என்கிறார் யாழ்ப்பாணத்து ஐயா. உயிரியல் வகுப்பில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். செய்தித்தாளில் ‘வன்முறையைத் தூண்டியதாக வழக்கு’ என்று படிக்கிறவருக்குத் தூண்டியவன் சீண்டியவனைவிடப் பெரிய குற்றவாளி.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

சீண்டியதா தூண்டியதா என்பதற்கு முன் இலக்கணத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் செய்வது என்பதால் சொல்கிறேன். ‘சீண்டிய கடி’ என்று பெயரெச்சமாக்கினால் அது எந்தப் பொருளைக் கொள்ளும்? செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்ற ஆறில் ஒன்றைத்தான் பெயரெச்சம் கொள்ளும். கடி சீண்டவில்லை. கடியைச் சீண்டவில்லை. கடியால் சீண்டவில்லை. சீண்டியதன் விளைவு கடி. ஆறில் எங்கே நிற்கும்?

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியர் எழுதியது:

‘உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு’ என்கிறோமே ஐயா. மயக்கம் உண்ணவில்லை, மயக்கத்தை உண்ணவுமில்லை. ஓடிய களைப்பு, அழுத வீக்கம். விளைவைக் கொள்ளும் பெயரெச்சம் தமிழில் நன்றாக ஓடுகிறது. நன்னூல் எண்ணிய ஆறுக்கு வெளியே வழக்கு நிற்கிறது என்றால் வழக்கைத்தான் ஏற்க வேண்டும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

உண்ட மயக்கத்தை ஏற்கிறேன். அதற்கு உரையில் இடம் தேடிப் பார்த்துப் பிறகு எழுதுகிறேன். ஆனால் எதிர்மறையில் வல்லினம் மிகும் என்பதை மறக்காதீர்கள், சீண்டாக் கடி, தூண்டாக் கடி. செல்லாக்காசு போல. முகப்பில் ‘ஊடாடும் வரைபடம்’ என்று இருக்கிறதாமே, ஊடல் நினைவு வருகிறது, அதையும் மாற்றலாமா?

சென்னை, இணைய வடிவமைப்பாளர் எழுதியது:

ஐயா, அது ஊடு என்பதிலிருந்து. ஊடே ஆடுவது, இடையில் புகுந்து பழகுவது. எல்லா மென்பொருளிலும் ஊறிவிட்ட சொல், இந்த வாரம் வேண்டாம்.

தூத்துக்குடி, மீன்வளம் படித்தவர் எழுதியது:

கடைசியாக ஒன்று. ‘வலிய வந்தது’ என்று வைத்தால்? வலிய வந்த சீதேவி என்பார்களே. சுறா தானாக வந்து கடித்தது என்பது நேராக விளங்கும். எதிர்ப்பக்கத்துக்கு ‘ஆள் போனது’.

சிட்னி, தமிழ்ப்பள்ளி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை இணையவழி வகுப்பில் பிள்ளைகளிடம் சொற்களைப் பொத்தானில் போட்டே காட்டினேன், ஒன்றும் விளக்கவில்லை. ‘வலிய வந்தது’ என்பதைப் பார்த்து ஒரு பெண் ‘வலி வந்ததா டீச்சர்?’ என்று கேட்டாள். மற்றவர்களும் கடிபட்டவருக்கு வலித்ததா இல்லையா என்ற பிரிவு என்றே எடுத்துக்கொண்டார்கள். ‘தூண்டாக்கடி’யைப் படித்தவர்களில் சிலருக்குத் தூண்டில்தான் நினைவு வந்தது: தூண்டில் போட்டபோது கடித்தது, தூண்டில் போடாதபோது கடித்தது. ஈட்டிக்காரருக்கு அது பொருந்தும், நீந்துபவருக்குப் பொருந்தாது. ‘சீண்டியது’ மட்டும்தான் கேட்காமலே புரிந்தது.

அதனால் இப்போதைக்கு இப்படி ஏற்றுகிறோம். தலைப்பு ‘சுறாக்கடி’. பொத்தான்கள் ‘சீண்டியது’, ‘சீண்டாதது’, ‘தெரியவில்லை’. கடைசியதைப் பிள்ளைகளே கேட்டு வாங்கினார்கள். பழைய பதிவுகளில் என்ன நடந்தது என்று எழுதி வைக்காதவை இருக்கின்றன, அவற்றை ஏதாவது ஒரு பக்கத்தில் தள்ளக்கூடாது என்கிறார்கள். முதல் பொத்தானை விரல் வைத்து அழுத்திப் பிடித்தால் ‘தெரியாமல் தொட்டதும் மிதித்ததும், மீன்பிடித் தொழிலில் பட்டதும் இதில் சேரும்’ என்ற வரி வரும். பெட்டியில் அகலக்கோடும் அட்சக்கோடும் இரண்டுமே இருக்கும். தஞ்சை ஐயா அனுமதித்தால் குறுந்தொகை அடிகள் முகப்பில்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தாராளமாக, அம்மா. பாட்டின் கீழே எண்ணும் புலவர் பெயரும் கட்டாயம் வரட்டும். சுறவேறு ஆண் சுறாவையும் குறிக்கும் என்பதால் மட்டும் அதைத் தள்ள முடியாது, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தமிழில் புதிதல்ல. அடுத்த பட்டியலில் மறுபடி வைப்பேன்.

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியர் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், நாளை காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் என் மறுப்பு இழையில் இருக்கட்டும். பொத்தானை அழுத்திப் பிடித்துப் பார்க்கிறவர் நூற்றில் எத்தனை பேர்? மற்றவர்கள் பொத்தானைத் தட்டுவார்கள், புள்ளியைத் தொடுவார்கள், விரிகிற பெட்டியில் ‘சீண்டியது’ என்று வாசித்துவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விடுவார்கள். கம்பளச் சுறாவை மிதித்து ஒருவர் குதிக்காலில் கடி வாங்கியிருந்தால் அந்தப் பெட்டியிலும் அதே சொல்தான் இருக்கும். குறைந்தது பெட்டிக்குள்ளாவது ‘மிதித்தபோது’, ‘ஈட்டியால் குத்தியபோது’, ‘வலையிலிருந்து எடுத்தபோது’ என்று நடந்ததை எழுதுங்கோ. அந்தப் பத்தி தரவில் இருக்கிறது, நீளமும் அதிகமாகாது.